அனுப்பியாச்சுன்னு சொன்னீங்களே, எங்கேங்க?

கடைப்பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஒரு பக்கம், ஊர்ல அப்பாவுக்கு ஆபரேஷன் இன்னொரு பக்கம். வழக்கமா நான் போடுற மொக்கைப் பதிவு இல்லை இது. வயித்தெரிச்சல் பதிவு. நீளமும் கொஞ்சம் ஜாஸ்தி. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாத்துற ஆபரேஷன், மதுரையில. நான் பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். டாக்டர் முன்னாடியே தெளிவா சொல்லிட்டார், "வீட்டுக்குப் போனதும் குத்தவச்சு உக்காரவே கூடாது". எங்க வீட்டுல இருக்கிறது இந்தியன் டாய்லெட். ஆக, கமோடு சேர் ஒண்ணு வேணும். இரும்புக் கால், நடுவுல ஓட்டை, மடக்கி வைக்கிற மாதிரி இருக்குமே, அது. வாக்கர் ஆஸ்பத்திரியிலேயே குடுத்துட்டாங்க. சேர் நம்ம பொறுப்பு.

"நான் கடையில கேட்டுப் பாக்கட்டுமாப்பா?" அப்படின்னு அம்மா கேட்டாங்க. நாம யாரு? இஞ்சினியர் ஆச்சே. "நீ எதுக்கும்மா அலையுற, நான் ஆன்லைன்ல போட்டு விடுறேன், வீட்டுக்கே வந்துரும்" அப்படின்னு வீறாப்பா சொல்லிட்டு, ஒரு பெரிய விற்பனைத் தளத்துல தேடினேன். 2,899 ரூபாய். கீழேயே சிவப்பு எழுத்துல "2 மட்டுமே மீதம், சீக்கிரம்!" அப்படின்னு மிரட்டல். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும்னு பச்சை எழுத்துல உத்தரவாதம். டிஸ்சார்ஜ் அதுக்கடுத்த செவ்வாய்க்கிழமை. நாலு நாள் கையில மிச்சம் இருக்கு, பிராஜெக்ட் மேனேஜர் கூட இவ்வளவு பஃபர் தரமாட்டார்னு நினைச்சுக்கிட்டு சனிக்கிழமை காசைக் கட்டினேன்.

திங்கட்கிழமை எஸ்.எம்.எஸ். வந்துது. "உங்கள் பொருள் அனுப்பப்பட்டது". கூடவே ட்ராக்கிங் நம்பர். அம்மாவுக்குப் போன் போட்டு, "கிளம்பிருச்சும்மா" அப்படின்னு பெருமையா சொன்னேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சுது. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு செய்தி: "சிறு தாமதம். உங்கள் பொறுமைக்கு நன்றி. திங்கட்கிழமை வந்து சேரும்". நான் எப்பய்யா பொறுமையா இருக்கேன்னு சொன்னேன்? சரி, திங்கட்கிழமைன்னாலும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடிதானே அப்படின்னு விட்டுட்டேன்.

இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சனிக்கிழமை நான் மதுரையிலதான் இருந்தேன். கோரிப்பாளையம் வழியா ரெண்டு தடவை போனேன், வந்தேன். பெரியாஸ்பத்திரிப் பக்கம் சர்ஜிக்கல் கடைங்க இருக்கு, வாசல்லயே வாக்கரும் சக்கர நாற்காலியும் வரிசையா நிறுத்தி வச்சிருப்பாங்க. கண்ணால பார்த்தேன். வண்டியை நிறுத்தலை. ஏன்? "அதான் கிளம்பிருச்சே". ஞாயித்துக்கிழமை ராத்திரி லீவு முடிஞ்சு பெங்களூர் பஸ் ஏறிட்டேன்.

திங்கட்கிழமை புதுச் செய்தி: வியாழக்கிழமை வரும். செவ்வாய்க்கிழமை அப்பா வீட்டுக்கு வந்துட்டார். சேர் வரலை.

அப்பதான் ட்ராக்கிங் பக்கத்தை ஒழுங்கா படிச்சேன். எட்டு நாளா அதுல ஒரே ஒரு வரிதான். "அனுப்புநரிடமிருந்து தகவல் பெறப்பட்டது". அதாவது, கூரியர்காரன் கையில பொட்டலம் வரலை. பொட்டலம் ஒண்ணு வரும்னு தகவல் மட்டும் வந்திருக்கு. பொண்ணு பாக்க வரோம்னு லெட்டர் வந்ததுக்கே கல்யாணம் முடிஞ்சுதுன்னு ஊருக்குப் பந்தி போட்ட கதை.

கஸ்டமர் கேர் சாட்டுக்குப் போனேன். முதல்ல ஒரு ரோபோ. அது "உங்கள் பொருள் வந்துகொண்டிருக்கிறது" அப்படின்னு நாலு தடவை சொல்லுச்சு. அப்புறம் ஒரு மனுஷன். அவர் "24 முதல் 48 மணி நேரத்துல சரியாயிடும் சார்" அப்படின்னார். கேன்சல் பண்ணுங்கன்னா, "அனுப்பப்பட்ட பொருளை ரத்து செய்ய முடியாது சார், வீட்டுக்கு வரும்போது வாங்க மறுத்துடுங்க" அப்படின்னார். கிளம்பாத பொட்டலம் எப்ப வந்து நான் எப்ப மறுக்கிறது? அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு முன்னாடி இருக்கிற திரையில என்ன தெரியுதோ அதைத்தான் சொல்ல முடியும்.

பொருளோட பக்கத்துல விற்பனையாளர் விவரம்னு ஒரு சின்ன எழுத்து இருந்துது. அதை அமுக்கினா கோயமுத்தூர் முகவரியும் ஒரு போன் நம்பரும். புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டேன். ஒரு நடுவயசு ஆளு எடுத்தார். நான் சண்டைக்குத் தயாரா இருந்தேன். ஆனா அவர் பேசின விதத்துல பாதிக் கோபம் இறங்கிருச்சு.

"சொல்லுங்க சார்... ஆமாங்க, கமோடு சேருங்களா. ஸ்டாக் வரலீங்க சார். கம்பெனிக்காரன் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துட்டு இருக்கறானுங்க."

"அப்ப எதுக்குங்க அனுப்பியாச்சுன்னு போட்டீங்க?"

"ரெண்டு நாள்ல அனுப்புனதாக் காட்டலீன்னா லேட்டுன்னு கணக்கு வச்சுக்குவாங்க சார். அதுனால லேபிளை மட்டும் அடிச்சு வச்சுட்டனுங்க."

"நீங்களே கேன்சல் பண்ணிருக்கலாமேங்க, நான் வேற பாத்துக்குவேன்ல?"

"நானாக் கேன்சல் பண்ணுனா எம்மேல ஃபைன் போடுவாங்க, ரேட்டிங்கும் போயிருமுங்க. நீங்களாக் கேன்சல் பண்ணீட்டா எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு உதவியா அதைப் பண்ணீருங்களேன் சார்."

"உங்க சிஸ்டம்தான் அனுப்பியாச்சு, கேன்சல் ஆகாதுங்குதே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பாவுக்குங்களா சார்? தப்புத்தானுங்க" அப்படின்னார்.

அன்னிக்கு ராத்திரி அம்மா போன். வேற ஏதோ பேசிட்டு, கடைசியா குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. "உங்கப்பா நேத்துல இருந்து தண்ணியே சரியாக் குடிக்க மாட்டேங்குறார்ப்பா. குடிச்சாத்தானே எந்திரிச்சுப் போகணும்னு சொல்றார். சோறும் அரை வயித்துக்குத்தான்."

அவ்வளவுதான். எனக்கு அதுக்கப்புறம் தூக்கம் வரலை.

வியாழக்கிழமை காலையில மாமா பையனுக்குப் போன் போட்டேன். அவன் கோரிப்பாளையத்துல ஒரு கடைக்குப் போனான். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி "பெரியவர் எத்தனை கிலோ இருப்பாரு?". ரெண்டாவது கேள்வி "டாய்லெட்டுக்கு உள்ள போடணுமா, கட்டில் பக்கத்துல போடணுமா?". 3,300 ரூபாய். ஷேர் ஆட்டோவுல ஏத்தி விட்டு, உயரம் எப்படி வைக்கணும்னு கடைப் பையன் போன்ல அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தான். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். பன்னெண்டு நாள் நான் புடுங்கின ஆணி, ஒரு மணி நேர வேலை. 401 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போன புத்திசாலித்தனம், அவ்வ்வ்வ்.

அதே நாள் சாயங்காலம் தளத்துல இருந்து செய்தி வந்துது. சனிக்கிழமை வருமாம். என் பொறுமைக்கு மறுபடியும் நன்றியாம்.

நிற்க. இனிமேதான் நான் சொல்ல வந்ததே.

நண்பர்கள்கிட்ட புலம்பினப்ப ரெண்டு விதமா பதில் வந்துது. "விடுடா, பாவம் சின்ன வியாபாரி" அப்படின்னு ஒரு கட்சி. "ஆன்லைன்ல வாங்கினா இப்படித்தான், கடைக்குப் போகணும்" அப்படின்னு இன்னொரு கட்சி. ரெண்டுமே எனக்கு ஒத்துக்கலை.

தாமதம் ஆகத்தான் செய்யும். மழை வரும், லாரி நிக்கும், சரக்கு தீரும். தாமதத்துக்காக நான் யார் மேலயும் கோபப்படலை. முதல் நாளே "சரக்கு இல்லைங்க" அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சனிக்கிழமை கோரிப்பாளையத்துல வண்டியை நிறுத்தியிருப்பேன். எனக்கு நஷ்டம் தாமதத்தால வரலை. "அனுப்பப்பட்டது"ங்கிற ஒரு பொய்யால வந்துது. பொருள் வராதுன்னு தெரிஞ்சா மனுஷன் வேற வழி பார்ப்பான். வருது வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். பொய்த் தேதி நம்ம கையைக் கட்டிப் போட்டுருது.

அந்தக் கோயமுத்தூர்க்காரரை வில்லன்னு சொல்லவும் எனக்கு மனசு வரலை. உண்மையைச் சொன்னா அபராதம், பொய் சொன்னா ஒண்ணும் ஆகாது. இப்படி ஒரு விதியைப் போட்டுட்டு, அவர் ஏன் பொய் சொல்றார்னு கேட்டா எப்படி? சரக்கே இல்லாம "2 மட்டுமே மீதம்"னு காட்டினது அவர் தப்பு, அதை நான் மன்னிக்கலை. ஆனா அவரை லேபிள் அடிக்க வச்சது அந்தத் தளத்தோட கணக்கு.

இப்ப என் வண்டவாளத்தையும் தண்டவாளத்துல ஏத்திடறேன். காலேஜ் முடிச்சுட்டு நான் சேர்ந்த முதல் கம்பெனியில, ஒரு ஆன்லைன் கடைக்கு ஆர்டர் மேலாண்மை மென்பொருள் எழுதினோம். ஆர்டரோட நிலையை மாத்துற பகுதி என் தலையில. லேபிள் பிரிண்ட் ஆனதும் நிலையை "அனுப்பப்பட்டது"ன்னு மாத்தி, எஸ்.எம்.எஸ். அனுப்பணும். அந்த நாலு வரியை எழுதினது சாட்சாத் நான்தான். டெஸ்டிங்ல இருந்த ஒரு பொண்ணு கேட்டாங்க, "லேபிள் அடிச்சுட்டு பொட்டலத்தைக் கொடுக்கலேன்னா என்ன ஆகும்?". நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு. "அது எட்ஜ் கேஸ்ங்க, அப்புறம் பாத்துக்கலாம்". பக்கை மூடிட்டேன். அப்புறம் யாரும் பார்க்கலை. நான் வேற கம்பெனிக்குத் தாவிட்டேன்.

தண்ணி குடிக்காம படுத்திருந்த எங்கப்பாதான் அந்த எட்ஜ் கேஸ். என்னைப் போல நாலு வரி எழுதினவனுக்கு யாரோட அப்பாவெல்லாம் மாட்டினாங்களோ, தெரியலை.

சரி, நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? கோபத்துல ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். நாம நினைக்கிற அளவுக்கு மோசம் இல்லை.

சரக்கு விற்பனைச் சட்டம் 1930-லயே வந்தது. அதோட 36-ஆவது பிரிவு, அனுப்ப வேண்டிய நேரம் குறிப்பிடப்படலேன்னா, விற்கிறவர் நியாயமான காலத்துக்குள்ள அனுப்பக் கடமைப்பட்டவர்னு சொல்லுது. இன்டர்நெட் இல்லாத காலத்துச் சட்டம் மக்களே. அப்புறம் 2019-ல புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதுக்குக் கீழே 2020 ஜூலையில மின்வணிகத்துக்குன்னு தனி விதிகள். அதுல, சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் வந்தா, விற்பனையாளர் திருப்பி எடுத்துக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாதுன்னு இருக்கு. இயற்கைச் சீற்றம் மாதிரி அவர் கைமீறின காரணத்துக்கு மட்டும் விலக்கு. குறை தீர்க்கும் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், அவர் பேரும் தொடர்பு விவரமும் தளத்துல இருக்கணும். புகார் வந்த 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். விற்பனையாளர் முகவரி, தொடர்பு எண் எல்லாம் காட்டணும்ங்கிறதும் இதே விதிகள்தான். நான் கோயமுத்தூருக்குப் போன் பண்ண முடிஞ்சதே இதனாலதான்.

அந்த "2 மட்டுமே மீதம்" இருக்கே, அதுக்கும் ஒரு மருந்து இருக்கு. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்துல வாடிக்கையாளரை ஏமாத்துற 13 விதமான தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணுச்சு. பொய்யான அவசரத்தைக் காட்டுறது அதுல ஒண்ணு.

ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு. தாமதம் ஆகும்னு தெரிஞ்ச உடனே, "புதுத் தேதி இது, சம்மதமா, இல்லை பணம் வேணுமா?" அப்படின்னு வாடிக்கையாளரைக் கேட்டே ஆகணும்னு அந்த 2020 விதிகள்ல ஒரு வரி இல்லை. தளம் பாட்டுக்குத் தேதியைத் தள்ளிக்கிட்டே போகுது, நாம பாட்டுக்குப் பார்த்துக்கிட்டே இருக்கோம்.

அமெரிக்காவுல இதுக்கு 1975-லயே விதி போட்டுட்டாங்க. அப்ப தபால்ல ஆர்டர் பண்ற காலம். அப்புறம் டெலிபோன் ஆர்டரையும் சேர்த்தாங்க, 2014-ல இன்டர்நெட்டையும் பேரோட சேர்த்தாங்க. சொன்ன தேதிக்குள்ள அனுப்பணும், தேதி சொல்லலேன்னா 30 நாளுக்குள்ள. முடியாதுன்னா வாங்கினவருக்குத் தகவல் சொல்லி, ரத்து பண்ணிக்கிற உரிமையையும் தரணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்: முதல் தடவை 30 நாளுக்குள்ள ஒரு தேதி சொல்லித் தள்ளினா, வாங்கினவர் பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கலாம். ரெண்டாவது தடவையும் தள்ளினா கதை மாறுது. வாங்கினவர் வாய் திறந்து சரின்னு சொன்னாத்தான் காத்திருக்க வைக்கலாம். பேசாம இருந்தா ஆர்டர் ரத்து, காசு வாபஸ். மௌனம் சம்மதம்ங்கிறது ஒரு தடவைக்குத்தான்!

சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை இது. 2020 ஏப்ரல்ல ஃபேஷன் நோவாங்கிற துணிக் கம்பெனி, தாமதத்தைச் சரியாச் சொல்லாதது, பணத்துக்குப் பதிலா பரிசு அட்டை குடுத்து ஒப்பேத்தினதுன்னு வந்த புகாருக்காக 93 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. ஐரோப்பாவுலயும் 2011-ல வந்த நுகர்வோர் உரிமை விதிப்படி, வேற மாதிரி பேசிக்கலேன்னா 30 நாள்தான் கெடு.

அதனால என் கோரிக்கை மூணே மூணு.

ஒண்ணு, "அனுப்பப்பட்டது"ங்கிற வார்த்தைக்கு ஒரே அர்த்தம் இருக்கணும். கூரியர் ஆளு பொட்டலத்தைக் கையில வாங்கி ஸ்கேன் பண்ணினாத்தான் அந்த வார்த்தை. அதுக்கு முன்னாடி "லேபிள் தயார்"னு போடுங்க. பொட்டி தட்டுறவனாச் சொல்றேன், இது ஒரு நாள் வேலை.

ரெண்டு, தேதி ரெண்டாவது தடவை தள்ளிப்போனா, கேன்சல் பட்டன் கண்ணு முன்னாடி வரணும். ஏழு மெனுவுக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது.

மூணு, சரக்கு இல்லைன்னு முதல் நாளே உண்மையைச் சொல்லி ரத்து பண்ற வியாபாரிக்கு, எட்டு நாள் இழுத்தடிக்கிறவனை விடக் கம்மியா தண்டனை இருக்கணும். இப்ப தலைகீழா இருக்கு.

"இதையெல்லாம் பண்ணா விற்பனை குறையும்"னு யாராவது சொல்லலாம். எங்க தாத்தா வி.பி.பி.யில புத்தகம் வரவழைச்சுப் படிச்ச ஆளு. தபால்காரர் பார்சலோட வாசலுக்கு வந்து நின்னப்புறம்தான் காசை எடுப்பார். முகம் தெரியாத கடைக்காரனையும் முகம் தெரியாத வாங்குறவனையும் அந்த ஒரு ஏற்பாடுதான் நம்ப வச்சது. முன்னாடியே காசு கட்டுற நிலைக்கு இன்னிக்கு நாம வந்திருக்கோம்னா, அந்த நம்பிக்கையைத் தளத்துக்காரன் கையில தூக்கிக் குடுத்திருக்கோம்னு அர்த்தம். அதை வச்சுக்கிட்டு விளையாடினாத்தான் விற்பனை குறையும். எங்கம்மா இனிமே ஆன்லைன்ல ஒரு கரண்டி கூட வாங்கப் போறதில்லை.

சரி, என் காசு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. குறை தீர்க்கும் அதிகாரிக்கு ஒரு மெயில் தட்டினேன். திட்டு ஒண்ணும் இல்லை. ஆர்டர் தேதி, சொன்ன தேதி, தள்ளின மூணு தேதி, ஒரே வரியோட நிக்கிற ட்ராக்கிங் பக்கத்தோட படம், 2020 விதிகள்ல என்ன இருக்குங்கிற ஒரு வாக்கியம். மறுநாளே புகார் எண் வந்துது. ஒன்பதாவது நாள் 2,899 ரூபாயும் திரும்பி வந்துது. சாட்டுல மூணு மணி நேரம் கத்தினப்ப நடக்காதது, ஒரு பக்க மெயில்ல நடந்துது.

உங்களுக்கும் இப்படி மாட்டினா, நான் பட்டு அறிஞ்சதை எழுதி வைக்கிறேன்:

1. காசு கட்டும்போதே, வரும்னு சொல்ற தேதியோட சேர்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட். அப்புறம் அந்தப் பக்கத்துல தேதி மாறிடும், உங்க படம் மாறாது.

2. அனுப்பியாச்சுன்னு செய்தி வந்தா சந்தோஷப்படாதீங்க. ட்ராக்கிங்ல ஒரு ஊர் பேரோட முதல் ஸ்கேன் வந்திருக்கான்னு பாருங்க. ரெண்டு மூணு நாள் ஆகியும் அது இல்லேன்னா பொட்டலம் கிளம்பலை.

3. மருந்து, மருத்துவச் சாமான், கல்யாணப் பொருள் மாதிரி நாள் தவறக் கூடாத விஷயமா? முதல் தேதி தப்பின அன்னிக்கே வேற வழி பாருங்க. ரெண்டாவது தேதியை நம்பாதீங்க. நான் நம்பினேன்.

4. கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடிக் கூப்பிடாதீங்க. போலி நம்பர் போட்டு உக்காந்திருக்கிற திருட்டுக் கூட்டம் இருக்கு. ஆப்புக்குள்ள இருக்கிற நம்பர் மட்டும்தான். பணம் திருப்பித் தரேன், யு.பி.ஐ. பின் போடுங்கன்னு எவனாவது சொன்னா உடனே வைங்க. பணம் வாங்குறதுக்குப் பின் தேவையே இல்லை.

5. தளத்துல தீரலேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் தீரலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம். விற்கிறவன் எந்த ஊரா இருந்தா என்ன? 2025 ஜனவரியில வந்த இ-ஜாக்ரிதி தளத்துல வீட்டுல இருந்தே தாக்கல் பண்ணலாம்.

6. கொண்டு வர்ற பையனைத் திட்டாதீங்க. இந்தக் கதையில சம்பந்தமே இல்லாத ஒரே ஆளு அவன்தான்.

அப்பா இப்ப நல்லா இருக்கார். வாக்கரை ஓரங்கட்டிட்டு, கைத்தடி வச்சுக்கிட்டு தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப, "ஏன்ப்பா தண்ணி குடிக்காம இருந்தீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அப்படின்னு கேட்டேன். "நீதான் அனுப்பியாச்சுன்னு சொன்னியேப்பா. இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு பொறுத்துக்கிட்டேன்" அப்படின்னார். தளம் எனக்குச் சொன்னதை நான் அப்படியே அவருக்குச் சொல்லியிருக்கேன்.

ஊர்ல இருந்து திரும்பினதும் ஒரு காரியம் பண்ணினேன். என் பழைய கம்பெனியில இன்னும் இருக்கிற நண்பன்கிட்ட அந்த நாலு வரியைப் பத்திச் சொன்னேன். "இன்னும் அப்படியேதான்டா ஓடுது" அப்படின்னான். அந்தப் பக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லியிருக்கேன். திறந்துட்டான். சரி பண்ணாங்களான்னு வாராவாரம் போன் போட்டு அவன் உயிரை எடுத்துக்கிட்டு இருக்கேன்.

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்கதான். உங்க பக்கம் எங்கேயாவது இந்த மாதிரி "அப்புறம் பாத்துக்கலாம்"னு மூடி வச்ச பக் இருந்தா, நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு தடவை திறந்து பாருங்க. உங்க அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க.

டிஸ்கி: தளத்தோட பேர், கோயமுத்தூர்க்காரர் பேர் ரெண்டையும் கேட்டுத் தனிமடல் அனுப்பாதீங்க, சொல்லப் போறதில்லை. பணம் வந்துருச்சுன்னு அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்பா எப்படிங்க சார் இருக்காரு?" அப்படின்னுதான் முதல்ல கேட்டார். :-)